ரேஸ் குதிரையில் பங்கு: ரூவித் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ரூவியில் கடை நடத்துபவர்களிலும் மஸ்கட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களிலும் குதிரைப் பித்து உள்ள தமிழர்கள் உண்டு. சின்ன வயதில் சென்னைக் கிண்டி ரேஸ் மைதானத்தின் வேலியோரம் நின்று பார்த்தவர்கள், கையில் கொஞ்சம் ரியால் சேர்ந்ததும், "நாலு பேர் சேர்ந்து ஒரு குதிரை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்த வகையில் சொந்தமாக்குவது, எந்த ஊரில் ஓட விடுவது, எந்தப் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பது. முதல் இரண்டையும் மாதக்கணக்கில் பேசிவிட்டு, மூன்றாவதை ஒரே போனில் முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. முதலில் பயிற்சியாளர், பிறகு கூட்டு, கடைசியில்தான் குதிரை.

இதை முதலீடாக எண்ணி வருபவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். நம் ஊர்ச் சீட்டில் போட்ட பணம் முறை வந்தால் கைக்கு வரும். குதிரைப் பங்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. வாங்கும் விலை ஒரு தடவைதான். ஆனால் பயிற்சிக் கட்டணம், தீவனம், லாடம், மருத்துவர், ஊர்விட்டு ஊர் லாரி என்று மாதச் செலவு நிற்பதில்லை. குதிரை ஓடினாலும் பில் வரும், காயத்தில் படுத்தாலும் பில் வரும். ஒரு வயதுக் குட்டியாக வாங்கினால், அது ஓடத் தொடங்கும்வரை செலவு மட்டுமே.

தனியாக வாங்குவதில் முடிவெடுப்பது சுலபம், செலவைச் சுமப்பது கடினம். மாதச் சம்பளக்காரருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். குத்தகைக்கு எடுப்பது இன்னொரு வழி. குதிரை வளர்ப்புப் பண்ணைக்கே சொந்தமாக இருக்கும். பராமரிப்பை நீங்கள் ஏற்றுப் பரிசில் ஒரு பகுதியைப் பண்ணைக்குக் கொடுப்பீர்கள். வாங்கும் விலை மிச்சமாவதால், முதல் அனுபவத்துக்கு இது நல்ல வழி.

பெரிய சிண்டிகேட்டில் ஆள் எண்ணிக்கை கூடும், ஆளுக்கு ஆகும் செலவு குறையும், உங்கள் சொல்லுக்கு மதிப்பும் குறையும். 2005ல் இங்கிலாந்தின் டெர்பியை வென்ற மோட்டிவேட்டர், ராயல் ஆஸ்கட் ரேசிங் கிளப்பின் 230 உறுப்பினர்களுக்குச் சொந்தமான குதிரை. அத்தனை பேரும் தனித்தனியே பயிற்சியாளரைக் கூப்பிட்டால் லாயத்தில் வேலை நடக்குமா? அதனால்தான் அங்கெல்லாம் நிர்வாகி ஒருவர் நடுவில் இருப்பார். உறுப்பினருக்குச் செய்தி வரும், முடிவில் கை இருக்காது. அது சம்மதமென்றால் தாராளமாகச் சேரலாம். நிர்வாகக் கட்டணம் எவ்வளவு, குதிரைக்குக் கொடுத்த விலையும் உங்களிடம் பங்கு விற்ற விலையும் ஒன்றுதானா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஐந்தாறு நண்பர்கள் சேரும் சிறு கூட்டு. அமெரிக்காவில் சாக்கடோகா ஸ்டேபிள் அப்படித்தான் தொடங்கியது: பள்ளிக்கால நண்பர்கள் ஆளுக்கு 5,000 டாலர் போட்டார்கள். அவர்கள் 75,000 டாலருக்கு வாங்கிய ஃபன்னி சைடு 2003ல் கென்டக்கி டெர்பியை வென்றது. அந்தக் குதிரையை அவர்களுக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் பார்க்ளே டாக். வெற்றி வந்ததும் அவர்கள் பெரிய பெயர்களைத் தேடிப் போகவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 2020ல், அதே கூட்டும் அதே டாக்கும் டிஸ் தி லா என்ற குதிரையோடு பெல்மான்ட் ஸ்டேக்ஸை வென்றார்கள்.

வேல்ஸில் இன்னும் எளிய மனிதர்கள். மதுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் வோக்ஸ் 350 பவுண்டுக்கு ஒரு பெண்குதிரையை வாங்கினார். அதன் குட்டிக்காக ஊரார் 23 பேர் வாரம் 10 பவுண்டு போட்டார்கள். ட்ரீம் அலையன்ஸ் என்று பெயரிட்ட அந்தக் குதிரை 2008ல் தசைநார் அறுந்து நின்றபோது, கூட்டு அதைக் கைவிடாமல் சிகிச்சைக்குச் செலவழித்தது. பயிற்சியாளர் பிலிப் ஹாப்ஸ் பொறுமையாகத் தேற்றினார். 2009 டிசம்பரில் அது வெல்ஷ் நேஷனல் பந்தயத்தை வென்றது. எல்லாக் கணக்கும் முடிந்தபோது ஆளுக்குக் கிடைத்தது 1,430 பவுண்டு. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் கையில் வந்தது அவ்வளவுதான் என்பதைக் கூட்டுச் சேருமுன் நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இனி, எந்த ஊர்? இந்தியாவில் பரிசுத்தொகையின் வேர் பெட்டிங் வருமானத்தில் இருக்கிறது. 1996ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்ததால் அது சட்டப்படி நடக்கிறது. ஆனால் பெட்டிங் மீது 2023 அக்டோபரில் 28 சதவீதமாக இறுக்கப்பட்ட ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் 40 சதவீதமானது. கிளப் வருமானம் சுருங்கினால் பரிசும் சுருங்கும். நிலமும் நிலையாக இல்லை. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தைத் தமிழக அரசு கையகப்படுத்தியது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது. கிண்டியில் வளர்ந்த மனசுக்கு இது வலிக்கிறது. ஆனாலும், பாசத்துக்காக மட்டும் ஓர் ஊரைத் தேர்வு செய்யாதீர்கள்.

வளைகுடாவில் கதை வேறு. பரிசு ஆட்சியாளர்களிடமிருந்தும் ஆதரவாளர்களிடமிருந்தும் வருகிறது. துபாய் உலகக் கோப்பைக்கு மட்டும் 1.2 கோடி டாலர். எதிரில் நிற்பவையோ அரச குடும்பங்களின் குதிரைகள். சிறு கூட்டுக்கு மூச்சு முட்டும். ஓமானில் சூதாட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, ஓட்டத்தில் அரபுக் குதிரைகளுக்கே முதலிடம். பர்கா அருகே அல் ரஹ்பா மைதானம் ரூவியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பங்கு வாங்குமுன் ஒரு குளிர்காலம் அங்கே போய்க் குதிரைகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். ஆனால் குதிரையை இந்தியாவில் வைப்பதே நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகும். வரி, பணம் அனுப்பும் விதி இரண்டையும் கணக்காளரிடம் கேட்டபின் இறங்குங்கள்.

பயிற்சியாளரை எப்படிப் பார்ப்பது? காலையில் லாயத்துக்குப் போங்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் குதிரையைப் பார்ப்பதில்லை, தீவனத் தொட்டியைப் பார்ப்பார். ராத்திரி வைத்தது மிச்சமிருந்தால் அன்றைய வேலை குறையும். பிறகு குனிந்து, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாரில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுவார். ஒரு காலில் சூடு தெரிந்தால் மற்றக் காலைத் தொட்டு ஒப்பிடுவார். கூடவே குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் "நேத்து எப்படிப் படுத்தான்?" என்று கேட்பார். சைஸின் பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். பெரிய லாயமா சின்ன லாயமா என்பது அடுத்த கேள்வி. பெரிய இடத்தில் வசதி அதிகம். உங்கள் குதிரை அறுபதில் ஒன்று. சின்ன இடத்தில் கவனம் அதிகம். நல்ல ஜாக்கி கிடைப்பது கஷ்டம். சிறு கூட்டுக்கு, பெரிய பயிற்சியாளரிடம் பல வருடம் உதவியாளராக இருந்துவிட்டுச் சொந்தமாக லைசென்ஸ் எடுத்தவரைத்தான் நான் தேடுவேன். பயிற்சியாளர் சதீஷ் சீமாரிடம் துபாய் ஜபீல் லாயத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்த அவர் உறவினர் பூபத் சீமார், 2021ல் பொறுப்பேற்று, 2024ல் லாரல் ரிவர் என்ற குதிரையோடு உலகக் கோப்பையையே வென்றார்.

நேர்மையை விசாரிப்பது சம்பிரதாயமல்ல. 2020ல் முதல் சவுதி கோப்பையில் முதலாவதாக வந்த மாக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரையின் பயிற்சியாளர் ஜேசன் சர்விஸ், ஊக்கமருந்து வழக்கில் சிக்கினார். ஒரு கோடி டாலர் முதல் பரிசு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024ல் அந்த வெற்றியே பறிக்கப்பட்டது. தவறு பயிற்சியாளருடையது, நஷ்டம் உரிமையாளர்களுக்கும்தான்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது கெட்ட செய்தி சொல்லும் பழக்கம். "காலில் சூடு இருக்கிறது, இந்த வாரம் ஓட வேண்டாம்" என்று தானே கூப்பிட்டுச் சொல்பவரிடம் குதிரை பத்திரமாக இருக்கும். பயிற்சியாளர் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் இதைக் கற்க வேண்டும். இன்று ஒரே பெரிய முதலாளியை நம்பி லாயம் நடத்துவது ஆபத்து. அவர் விலகினால் பாதி லாயம் காலி. சின்னச் சின்னக் கூட்டுகள் பத்து இருந்தால் தொழில் நிலைக்கும். அதற்கு வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ், மறைக்காத பில், ஓட்டம் தோற்ற மாலையே ஒரு போன் வேண்டும்.

கூட்டின் பக்கமும் ஒழுங்கு தேவை. இந்திய லாயத்தில் காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும்போது ரூவியில் மணி நாலு. ஆளாளுக்குக் கூப்பிடாமல் ஒருவர் மட்டும் பேசட்டும். ஜாக்கி, தூரம் எல்லாம் பயிற்சியாளர் முடிவு. விற்பது, அறுவை சிகிச்சை இரண்டுக்கும் மட்டும் எல்லோரும் கூடி வாக்கெடுங்கள். வளைகுடாவுக்கே உரிய ஒரு ஷரத்தை மறக்காதீர்கள்: வேலை போய், விசா முடிந்து ஊருக்குக் கிளம்பும் பங்குதாரரின் பங்கை யார், எந்த விலைக்கு எடுப்பது? நட்பு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆறு மாதச் செலவை முன்பணமாகக் கூட்டுக் கணக்கில் வையுங்கள். ஓட்டம் முடிந்த குதிரை எங்கே போகும், யார் தீவனம் போடுவார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அதற்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒதுக்குங்கள்.