திறமைப் பட்டியலைச் சுருக்குங்கள்... ஆட்டம் சூடுபிடிக்கும்!

லீவு நாளில் பிள்ளைகளோடு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற கதாபாத்திர ஆட்டம் ஆட உட்காரும் கோவை வீடுகளுக்குச் சில குறிப்புகள்:

* 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 18 திறமைகள் உண்டு. புதியவர்களுக்கு ஆறே போதும்: உடல் வலு, பதுங்கல், கூர்ந்து கவனித்தல், பேச்சு சாமர்த்தியம், காட்டறிவு, கைத்தொழில்.

* ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வேண்டாம். மூன்றாம் பதிப்பில் ஒளிவதும் சத்தமில்லாமல் நடப்பதும் தனித்தனித் திறமைகள். 2008-ல் வந்த நான்காம் பதிப்பு அவற்றை ஒன்றாக்கிவிட்டது.

* கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையையே களமாக்குங்கள். அண்ணன்மாரில் சங்கருக்கு உடல் வலு, நிதானமான பொன்னருக்குப் பேச்சு. நடக்கப்போவதை முன்கூட்டியே உணரும் தங்கை அருக்காணிக்கு அதையே தனி ஆற்றலாகக் கொடுங்கள்.

* அதே கதையில் வரும் கொம்பன் பன்றியின் தடம் தேட வேண்டுமா? 'கூர்ந்து கவனித்தல்' என்று ஒரே ஒரு முறை பகடையை உருட்டினால் போதும். மோப்பம், பார்வை, செவி என்று மூன்று முறை உருட்டினால் வேட்டையின் வேகம் போய்விடும்.

* ஆளுக்கு இரண்டு திறமை. அவற்றுக்கு மட்டும் 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்டுங்கள். சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 வர வேண்டும்.

* ஆட்டம் முழுக்க யாருமே உருட்டாத திறமையை அடுத்த முறை தயங்காமல் நீக்குங்கள்.

பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து ஆட அதுவே வழி.