சிகிச்சைக் காலத்தில் நோன்பு: வீட்டார் அறிய வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் நம் சகோதரிகள் சிலர், ரமளான் வந்ததும் சிகிச்சையைத் தள்ளிப்போட நினைக்கிறார்கள். வேண்டாம். கீமோ பெரும்பாலும் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை என்று கணக்கிட்டுத் தரப்படுகிறது. இடைவெளி நீண்டால் பலன் குறையலாம். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்லாஹ் தந்தது (அல்குர்ஆன் 2:184). அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல. குணமானபின் களாச் செய்யலாம்.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்து. ஸஹர் சமையலைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்கட்டும். மருந்தும் கொடுப்போம், துஆவும் செய்வோம். ஷிஃபா தருபவன் அல்லாஹ்வே.