ரோபோ போடும் கமிட்டுக்கும் விவரம் வேண்டும்

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் மீனவர்களுக்காகக் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. தூத்துக்குடி கரைக்கான தகவலைத் தினமும் கிட்ஹப்பில் சேமிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தானாக ஓடவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கமிட்டிலும் ‘அப்டேட்’ என்றே விழுந்தால், அலை உயரம் தப்பாகப் பதிவான நாளைப் பிறகு தேடுவது பெரும்பாடு.

கமிட் செய்தியை ஸ்கிரிப்டே நிரப்பட்டும்: ‘தூத்துக்குடி அலை: 14 வரி சேர்ப்பு, 2 திருத்தம்’. முதல் வரி 50 எழுத்தை ஒட்டி இருந்தால் போதும். ஒரு வரி காலியாக விட்டு, தரவு எடுத்த இடம், நேரம், ரன் எண் மூன்றையும் எழுதவையுங்கள். ரன் எண் இருந்தால் அன்றைய லாக்கை நேரே திறந்துவிடலாம்.

நேரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கடிகாரம் யூடிசியில் ஓடும்; நம் நேரம் (ஐஎஸ்டி) அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். படகு கிளம்பும் அதிகாலை 4 மணி, அங்கே முந்தைய இரவு 10.30. தேதியே மாறிவிடும்! அதனால் ‘ஐஎஸ்டி’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

தரவு மாறாத நாளில் கமிட்டே வேண்டாம்; ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்து முடிவெடுக்கச் செய்யுங்கள். டோக்கன், பாஸ்வேர்டு எதுவும் செய்தியில் கசியக் கூடாது. கமிட்டை உங்கள் பெயரில் போடாமல் பாட் பெயரில் போடுங்கள். அப்போதுதான் கையால் செய்த திருத்தம் தனியாகத் தெரியும்.