திருப்புளியை எடுப்பதற்கு முன்

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உங்கப்பா வேலையை விட்டபோது ஆபீசில் கொடுத்தனுப்பிய லேப்டாப், மூன்று வருஷமாக பீரோ மேல் கிடந்தது, இப்போது திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. “மாமா, இதை எப்படி உடைக்கிறது?” என்கிறாய். ஒன்றையும் உடைக்க வேண்டாம். கையில் வைத்திருக்கும் திருப்புளியைக் கீழே வை.

நீ பார்த்தது பிட்லாக்கர். டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் யாருக்கும் புரியாத எழுத்தாக்கி வைத்திருக்கும். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டம். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க வழியில்லை. ஆனால் உள்ளே இருப்பது உனக்கு எதற்கு? அது ஆபீஸ் கணக்கு வழக்கு, நமக்கு வேண்டாதது. டிஸ்க்கை அழித்தால் இந்தப் பூட்டும் அதோடு போய்விடும். உன் காதுகுத்துப் படம் ஏதும் அதில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் அப்பாவிடம் கேள். இருந்தால் திரையில் தெரியும் ‘கீ ஐடி’யைக் காலண்டர் தாளில் குறித்து வை. ஆபீஸ் ஐ.டி. ஆட்கள் அதை வைத்துத்தான் எண்ணைத் தேடுவார்கள்.

பவர் போட்டவுடனே, விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்டால் அது வேறு, பயாஸ் பூட்டு. இதில் நான் சூடுபட்டவன். பழைய திங்க்பேட் ஒன்று வாங்கினேன். “பட்டன் பேட்டரியைக் கழற்றிப் போடுங்க சார், மறந்துடும்” என்றார் தெரிந்தவர் ஒருவர். அந்தக் கால டெஸ்க்டாப்புக்கு அது சரி. பாஸ்வேர்டு அந்தப் பேட்டரி தயவில்தான் நின்றது. திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருப்பது கரண்ட் இல்லாவிட்டாலும் மறக்காத தனி சிப்பில். ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்துக் காலையில் மாட்டினேன். தேதி போயிருந்தது, பூட்டு போகவில்லை. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறது லெனோவா. நல்லவேளை, உன்னுடையது நீலத் திரை வரை வந்துவிட்டது. பயாஸ் செட்டிங்குக்குள் போகும்போது கேட்கிறதா என்று மட்டும் பார்.

இன்னொரு பூட்டு இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் அது முகம் காட்டும். என் பழைய ஆபீஸ் மெஷினை அழித்து, புது விண்டோஸ் போட்டு, வைஃபையில் இணைத்தேன். காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், நான் விட்டு வந்த கம்பெனியின் பெயரைப் போட்டு வரவேற்கிறது! ஆபீஸ் ஈமெயிலையும் கேட்கிறது. பேய் வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. இதற்கு ஆட்டோபைலட் என்று பெயர். மெஷினின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் கம்பெனி முன்பே பதிந்து வைத்திருக்கும். அந்த அடையாளம் மதர்போர்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் டிஸ்க்கை மாற்றியும் பயனில்லை. பதிந்தவர்கள்தான் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நான் மூன்று நாள் முட்டி மோதியதை ஐ.டி. பிரிவுக்கு எழுதிய நாலு வரி மெயில் ஒரே மத்தியானத்தில் முடித்தது.

அதனால் இன்றைக்கே உங்கப்பாவை மெயில் எழுதச் சொல். மாடல், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர், லேப்டாப்பை அவருக்கே கொடுத்ததற்கான கடிதத்தின் நகல். கேட்க வேண்டியது: ஆட்டோபைலட், இன்ட்யூன் (கம்பெனி தன் மெஷின்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) இரண்டிலிருந்தும் நீக்குங்கள், பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் எடுத்துக் கொடுங்கள். லினக்ஸ் போட்டால் ஆட்டோபைலட் கேட்காதே என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் மெயில் போகட்டும். அது ஆபீஸ் சொத்துதான், திருப்பிக் கொடுங்கள் என்று பதில் வந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சம்மதம் வந்துவிட்டால் லினக்ஸ் மின்ட் போடு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அப்பாவுடையது ஆறு. மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் எழுது. டெல், லெனோவா என்றால் பவர் போட்டதும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இரு, ஹெச்பி என்றால் எஃப்9. டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய். தமிழ்99 விசைப்பலகையும் அதில் போட்டுக்கொள்ளலாம். தங்கிலீஷில் எனக்கு மெசேஜ் அனுப்புவது குறையும்.

உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டு. ரேம் கூட்டுவதை விட அதில்தான் வேகம் தெரியும். திருப்புளிக்கு வேலை அப்போதுதான். அடி மூடியைக் கழற்றும்போது பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் லேசாகத் தூக்கியிருந்தாலும் சந்தேகம்தான், சார்ஜர் போடாதே, குத்திப் பார்க்காதே. எனக்கு போன் செய்.

அன்புடன்,
மாமா