இரண்டாவது சிறு டிராக்டர்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஏரில் பூட்ட இரண்டாவது மாடு வாங்கப் புறப்படும் உழவர், சந்தையில் உள்ளவற்றுள் பெரிய மாடு எது என்று தேடுவதில்லை. தம் தொழுவத்தில் நிற்கும் மாட்டின் உயரத்தையும் நடையையும் குணத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு இணையானதையே தேடுகிறார். ஜோடி பொருந்தாவிடில் நல்ல மாடும் வீணாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இயந்திரம் வாங்கும்போது மட்டும் நம்மவர் பலர் இம்முன்யோசனையை மறந்துவிடுகின்றனர். முதல் டிராக்டரை வாங்கும்போது காட்டிய அச்சமும் எச்சரிக்கையும் இரண்டாவதை வாங்கும்போது இருப்பதில்லை. கடன் சுமை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரை அடுத்த கிராமம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே 12 இளைஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து நாற்றங்காலும் புல்தரை வளர்ப்பும் நடத்தி வந்தனர். நகரம் பெருகப் பெருக, புதிய வீடுகளுக்குத் தோட்டம் அமைத்தல், புல்தரை பதித்தல், தொழிற்சாலை வளாகங்களில் மரக்கன்று நடுதல் ஆகிய வேலைகளும் அவர்களை நாடி வந்தன. அவர்களிடம் 18 குதிரைசக்தி உள்ள சிறு டிராக்டர் ஒன்று இருந்தது. வேலை மிகவே, இரண்டாவது ஒன்று வேண்டும் என்றனர். 45 குதிரைசக்தி உள்ள பெரிய வண்டியையே வாங்குவதென்று ஏறக்குறைய முடிவும் செய்துவிட்டனர். ஆலோசனை கேட்க நம்மை அழைத்தபோது, நாமும் அதற்குத் தலையசைத்தவர்களே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சக்தி மிகுந்தால் வேலை மிகும் என்றே அன்று எண்ணினோம்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். முதல் டிராக்டருக்காகத் தம் நகைகளை அடகு வைத்தவர். குழுவினர் ஒருவரின் தாயார். "பெரிய வண்டி வாங்குங்க ஐயா, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்த வீடுகளோட பக்கத்துச் சந்திலே அது நுழையுமா?" என்று கேட்டார். ஒருவரும் விடை சொல்லவில்லை. அந்த வினாவிலிருந்துதான் நம் கணக்கு தொடங்கியது.

முதற்படி: எந்த வேலை தடைப்படுகிறது?

இரண்டாவது இயந்திரம் எதற்காக என்ற வினாவுக்கு "வேலை அதிகம்" என்பது போதிய விடையாகாது. முதல் இயந்திரம் எந்த நாளில், எந்தக் காரணத்தால் போதாமற்போயிற்று என்று எழுதிப் பார்க்க வேண்டும். நற்பேறாக அக்குழுவினர் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர்கள். ஓர் ஆண்டின் குறிப்பைப் புரட்டியபோது, வேலை தடைப்பட்ட நாட்கள் 31 என்று தெரிந்தது. அவற்றுள் 19 நாட்களில் டிராக்டர் ஒரு மனையில் புல்லும் செம்மண்ணும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததால் மற்றொரு மனையில் உழவு நின்றது. 7 நாட்கள் பழுதில் கழிந்தன. சிறு டிராக்டரின் சக்தி போதாமல் நின்ற நாட்கள் 5 மட்டுமே.

இதன் பொருள் என்ன? குழுவுக்குக் குறையாக இருந்தது சக்தி அன்று, எண்ணிக்கையே. ஐந்து நாட்களின் கனமான வேலைக்கு மண் அள்ளும் இயந்திரத்தையோ பெரிய டிராக்டரையோ வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். அந்த ஐந்து நாட்களுக்காகப் பெரிய வண்டி ஒன்றை ஆண்டு முழுதும் கட்டிக் காப்பது சிக்கனமாகாது.

இரண்டாம்படி: மணிக் கணக்கு

டிராக்டர் ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவு ஒருவகை. ஓடினால் மட்டுமே ஆகும் செலவு மற்றொருவகை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கணக்கின் உயிர்நாடி. ஓர் உதாரணம் காண்போம்.

சிறு டிராக்டரின் விலை 5,00,000 ரூபாய் என்றும், 10 ஆண்டுக்குப்பின் அது 50,000 ரூபாய்க்கு விலைபோகும் என்றும் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 45,000 ரூபாய். சராசரி மதிப்பாகிய 2,75,000 ரூபாய்க்கு 12 சதவிகித வட்டி 33,000 ரூபாய். காப்புறுதி, கொட்டகை முதலியவற்றுக்கு விலையில் 2 சதவிகிதம், அதாவது 10,000 ரூபாய். ஆக, வண்டி நின்றாலும் ஆண்டுக்கு 88,000 ரூபாய் செலவாகும்.

இனி ஓடும் செலவு. மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் எனக் கொண்டால் 230 ரூபாய். ஓட்டுநர் கூலி 100 ரூபாய். எண்ணெய், பழுது ஆகியவற்றுக்கு 50 ரூபாய். மொத்தம் மணிக்கு 380 ரூபாய்.

ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால், நிற்கும் செலவில் மணிக்கு 88 ரூபாயே பங்காக விழும். ஆகவே மொத்தச் செலவு 468 ரூபாய். 400 மணி ஓடினால் 600 ரூபாய். 200 மணி மட்டும் ஓடினால் 820 ரூபாய். 100 மணிதான் ஓடியது என்றால் 1,260 ரூபாய்! அதே டிராக்டர் ஓட்டுநருடனும் டீசலுடனும் மணிக்கு 900 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குமாயின், ஆண்டுக்கு ஏறத்தாழ 170 மணிக்குக் குறைவாக வேலை உள்ளவர் வாடகைக்கு எடுப்பதே இலாபம். அதற்கு மேல் உள்ளவர் சொந்தமாக வாங்குவதே இலாபம். விலையும் வட்டியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும். ஆதலின் வாசகர்கள் தத்தம் ஊர் நிலவரத்தை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். வேலையில்லா நாளிலும் ஓட்டுநருக்குக் கூலி கொடுப்பவர் அதனை நிற்கும் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்குழுவின் கணக்கைப் பார்ப்போம். கனமான வேலைக்குரிய 5 நாட்களை நீக்கினால் எஞ்சியவை 26 நாட்கள். நாளைக்கு 6 மணி வீதம் 156 மணி. சொந்த வண்டியானால் மணிக்கு 944 ரூபாய் ஆகும். கணக்கு "இப்போது வேண்டாம்" என்றது. இளைஞர்களின் முகம் வாடியது உண்மையே. எனினும் அவ்வாண்டு அவர்கள் பக்கத்து ஊர் டிராக்டரை வாடகைக்கு எடுத்தே சமாளித்தனர். ஏற்க முடியாமல் திருப்பி அனுப்பிய வேலைகளையும் நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினர். அடுத்த ஆண்டு இறுதியில் இரண்டாவது வண்டிக்குரிய வேலை 310 மணியாக உயர்ந்திருந்தது. அப்போது மணிச் செலவு 664 ரூபாய்தான். இனித் தயங்கக் காரணமில்லை என்று நாமே சொன்னோம்.

மூன்றாம்படி: ஜோடிப் பொருத்தம்

வாங்குவது என்று முடிவானபின் எதை வாங்குவது என்ற வினா எழுகிறது. இங்கேதான் உழவரின் மாட்டு ஜோடியை நினைவிற் கொள்ள வேண்டும். முதல் டிராக்டருக்கென வாங்கிய ரோட்டவேட்டர், குழி தோண்டும் கருவி, சமன்படுத்தும் பலகை ஆகியவை இரண்டாவதிலும் மாட்டிக்கொள்ளத் தக்கவையாக இருத்தல் இன்றியமையாதது.

டிராக்டரின் பின்புறம் கருவியைத் தாங்கும் மூன்று முனை இணைப்பு ஹாரி ஃபெர்குசன் என்பார் வகுத்தது. 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வெளிவந்தபின் உலகெங்கும் பரவியது. இவ்விணைப்பில் அளவு வகைகள் உண்டு. முதல் வகையில் கீழ்க்கைகளின் பின் 22 மில்லிமீட்டர் விட்டமுடையது. இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டர். சிறு டிராக்டர்களில் பெரும்பாலும் முதல் வகையோ, அதனினும் குறுகிய அமைப்போ இருக்கும். விற்பனையாளர் சொல்லை மட்டும் நம்பாது, கருவியையே எடுத்துச் சென்று மாட்டிப் பார்த்தல் நலம்.

அடுத்து, கருவிக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. தண்டின் வேகம். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது வழக்கமான அளவு. அந்தச் சுற்றைக் குறைந்த என்ஜின் வேகத்திலேயே தரும் வசதி சில வண்டிகளில் உண்டு. இலேசான வேலைக்கு அது டீசலை மிச்சப்படுத்தும். விளம்பரத்தில் காணும் குதிரைசக்தி என்ஜினுடையது; தண்டில் கிடைப்பது அதனினும் குறைவு. கருவியின் தேவையைத் தண்டின் சக்தியோடுதான் ஒப்பிட வேண்டும்.

தூக்கும் திறனும் அவ்வாறே. சிறு டிராக்டர்களில் இது பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோ வரை. இணைப்பு முனையிலுள்ள திறன் வேறு. கருவியின் பாரம் பின்தள்ளி நிற்கும்போது கிடைக்கும் திறன் வேறு. பாரம் பின்னே செல்லச் செல்லத் தூக்கும் திறன் குறையும். முன்சக்கரங்களும் தரையை விட்டு எழ முற்படும்.

அகலத்தைப் பற்றி மூதாட்டி கேட்ட வினாவுக்கு வருவோம். 45 குதிரைசக்தி டிராக்டரின் அகலம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர். குறுகிய தடமுடைய சிறு டிராக்டரோ ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். வேலைக்குச் செல்லும் மனைகளின் வாயிலையும் சந்தையும் நாடாவால் அளந்து, அதற்கேற்ப வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோட்டவேட்டர் மட்டும் சக்கரத் தடத்தை மூடும் அளவு அகலமாயிருக்க வேண்டும். இல்லையேல் உழுத மண்ணைச் சக்கரமே மீண்டும் மிதித்து இறுக்கிவிடும். மிதிபட்ட செம்மண் காய்ந்தபின் புல்லின் வேர் இறங்காது. மழை பெய்த மறுநாளே மனைக்குள் வண்டியை இறக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். ஆழ்ந்த வரிகளுடைய உழவு டயர், பதித்த புல்தரையைக் கிழித்துவிடும். புல்தரைமீது அடிக்கடி செல்ல வேண்டியவர் தட்டையான வரிகளுடைய புல்தரை டயரைக் கேட்டு வாங்கலாம்.

வாங்கும் நாளில்

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்தில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. தண்டின் சக்தி, எரிபொருள் செலவு, தூக்கும் திறன், திரும்பும் வட்டத்தின் அளவு ஆகியவை அதில் உண்டு. அவ்வறிக்கையைக் கேட்டுப் படிக்க வேண்டும்.

விவசாய டிராக்டர்மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முந்திய விலைப்புள்ளியைக் கொண்டு பேரம் பேசலாகாது.

பழைய வண்டி வாங்குவோர், என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று கிளப்பிப் பார்க்க வேண்டும். கனமான கருவியைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்தால், அது விரைந்து இறங்குகிறதா என்பதையும் நோக்க வேண்டும். இறங்கினால் தூக்கும் அமைப்பில் கசிவு உண்டு. அந்நேரம் கருவியின் அடியில் எவரும் நிற்கலாகாது.

இன்னுமொன்று. விவசாயத்துக்கெனப் பதிவு செய்த டிராக்டரைத் தோட்டம் அமைக்கும் ஒப்பந்த வேலைக்கும் மண் ஏற்றுவதற்கும் பயன்படுத்தினால், விபத்தின்போது காப்புறுதித் தொகை கிடைப்பதில் சிக்கல் எழக்கூடும். விவசாயத்துக்குத் தரும் மானியத்தைப் பெறுவதிலும் இதே கவனம் தேவை. செய்யப்போகும் வேலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் உள்ளபடி சொல்லி, முன்னதாகவே தெளிவு பெறுவது பின்னால் வரும் துன்பத்தைத் தவிர்க்கும்.

உயிர்க் காப்பில் சிக்கனம் பாராட்டலாகாது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் வேண்டும். பி.டி.ஓ. தண்டு ஒரு நொடிக்கு 9 முறை சுழல்வது. துண்டின் நுனியோ வேட்டியின் ஓரமோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் நேரமிராது. அதன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

பலன்

அக்குழுவினர் முடிவில் வாங்கியது, முதல் வண்டியின் நிறுவனமே செய்த, ஏறக்குறைய அதே சக்தியுள்ள சிறு டிராக்டர். வடிகட்டி, பெல்ட், எண்ணெய் யாவும் இரண்டுக்கும் ஒன்றே. ஆதலின் ஒரே அலமாரியில் உதிரிப் பொருள்கள் அடங்கின. அவ்வாண்டு மழைக்காலத்தில், தொழிற்சாலை வளாகம் ஒன்றில் கன்று நடும் வேலை மும்முரமாக நடக்கையில், பழைய வண்டியின் தூக்கும் பம்பு பழுதாயிற்று. குழி தோண்டும் கருவியைக் கழற்றிப் புதிய வண்டியில் மாட்டி, அன்று மாலைக்குள் வேலையைத் தொடர்ந்தனர். பெரிய வண்டி வாங்கியிருந்தால் அந்தக் கருவி அதில் பொருந்தியிராது, வேலையும் கைநழுவியிருக்கும். மூதாட்டியின் நகைகள் மறு ஆண்டு வீடு திரும்பின.

ஆகவே, குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இரண்டாவது இயந்திரத்துக்கு விண்ணப்பிக்குமுன் ஓராண்டு நாட்குறிப்பு எழுதுக. தடைப்பட்ட நாட்களைக் காரணத்தோடு குறித்து, மணியாக்கி, வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க. கணக்கு வேண்டாம் என்றால் பொறுத்திருக்க. வேண்டும் என்றால், வீட்டில் நிற்கும் முதல் வண்டிக்கு எது இணையோ அதையே வாங்குக. விண்ணப்பத்தோடு அந்த நாட்குறிப்பையும் கொண்டுவரும் குழுவுக்கு ஆலோசனை கூறுவது எம்போன்ற அலுவலர்க்கும் எளிது. நாமும் தவறாகத் தலையசைக்க இடமிராது.