நின்ற லாரியில் மோதினால் பழி இறந்தவர் மீதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. எண்ணூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டர். இரண்டு மாதத்துக்கு முன் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் பைக்கில் வந்தபோது, எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றிருந்த கன்டெய்னர் ட்ரெய்லரின் பின்னால் மோதி இறந்துவிட்டார். போலீஸ் அவர் மீதே எஃப்.ஐ.ஆர். போட்டு, இறந்துவிட்டதால் வழக்கை முடித்துவிட்டது. ஹெல்மெட் போடாததால் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்காது, 2 லட்சம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள் லாரிக்காரர் தரப்பில். சம்பள ரசீதும் இல்லை. மாமியாரும் இரண்டு குழந்தைகளும் என்னோடு இருக்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவொற்றியூர்

பதில்: சகோதரி, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் இருக்கிறது என்பதை வைத்து இழப்பீட்டு வழக்கு முடிவாவதில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். காசிமேடு முதல் எண்ணூர் வரை துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஆபத்தாகும்படி வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு தடை செய்கிறது. இரவில் நடுச்சாலையில் பார்க்கிங் விளக்கு இல்லாமல் நின்ற கேஸ் டேங்கர் மீது கார் மோதிய அர்ச்சித் சைனி வழக்கில், இருவர் மீதும் பாதிப் பாதி தவறு என்றது உயர் நீதிமன்றம். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுத் தவறும் டேங்கருடையதே என்று தீர்ப்பளித்தது. ஓரமாக, விளக்குப் போட்டு ஒழுங்காக நின்ற வண்டி என்றால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. ஆகவே ட்ரெய்லர் எப்படி நின்றது என்பதே உங்கள் வழக்கின் உயிர்.

போலீஸ் தயாரித்த பார்வை மகஜர், சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். வரைபடத்தில் சாலையின் அகலம், லாரி நின்ற இடம், தெருவிளக்கு மூன்றையும் பாருங்கள். லாரியின் பின்புறப் படம் யார் செல்போனிலாவது இருக்கலாம். சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இருந்ததா என்று அது சொல்லிவிடும். முன்னால் இழுக்கும் வண்டிக்கும் பின்னால் உள்ள ட்ரெய்லருக்கும் தனித்தனிப் பதிவெண் இருக்கக்கூடும். இரண்டையும், இரண்டின் இன்ஷூரன்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும். இருப்பதைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே எழுத்தில் மனு கொடுங்கள்.

ஹெல்மெட் இல்லை என்பதற்காக வழக்கு தள்ளுபடி ஆகாது. ஒரு பைக்கில் மூன்று பேர் போன முகமது சித்திக் வழக்கில், அந்த விதிமீறல் விபத்துக்கோ சாவுக்கோ காரணமானது என்று காட்டினால்தான் இறந்தவர் மீது பங்குத் தவறு சுமத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம் (2020). தலைக்காயத்தால் இறந்திருந்தால் ஒரு பகுதியைக் கழிக்க வாய்ப்புண்டு. மார்பிலோ வயிற்றிலோ பட்ட அடி என்றால் ஹெல்மெட் பேச்சுக்கே இடமில்லை.

சம்பள ரசீது இல்லாவிட்டாலும் கேட் பாஸ், வங்கிக் கணக்கு, மேஸ்திரியின் சாட்சியம் இவை உதவும். மாதம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி தீர்ப்புப்படி (2017), 40 வயதுக்குள் இருந்தவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. நம்பி இருப்பவர்கள் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 15,750, வருடத்துக்கு 1,89,000. சரளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணைப்படி 34 வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆக 30,24,000 ரூபாய். துணையை, தந்தையை, மகனை இழந்ததற்கு உங்களுக்கும் குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் தனித்தனித் தொகை, ஈமச்செலவு, வட்டி எல்லாம் இதற்கு மேல். எதிர்த்தரப்பின் தவறு முழுமையாக நிரூபணமானால் வரும் கணக்கு இது. இப்போது புரிகிறதா, 2 லட்சத்துக்கு ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்று?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் கேட்கலாம். தவறை நிரூபிக்க எந்த வழியும் இல்லாதவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சமரசமாகத் தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டு 166-வது பிரிவில் போட்ட மனு காலாவதியாகிவிடும். வழக்கறிஞரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். மாமியாரையும் குழந்தைகளையும் மனுதாரர்களாகச் சேருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். வீடு தேடி வரும் புரோக்கர் யாராக இருந்தாலும் அசல் ஆவணம் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.