வீட்டுத் தோட்டம்: முதலில் தண்ணீரைப் பார்ப்போம்

வீட்டுத் தோட்டம் போட விரும்புகிற எவரும் முதலில் கேட்பது, "என்ன விதை வாங்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "என்ன உரம் போடலாம்?" நாங்களும் அப்படித்தான் கேட்டோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த ஐவர், அவரவர் வீட்டில் ஆளுக்கு நான்கு தொட்டிகள் வைத்து, பீன்ஸும் சின்ன வெங்காயமும் நட்டோம். விதை நல்ல விதை. தொழு உரமும் நன்றாக மக்கியது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் வாரம் இலை நுனிகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகின. வாடுகிறதே என்று இன்னும் அதிகமாக ஊற்றினோம். செடிகள் இன்னும் விரைவாகப் பட்டுப்போயின!

ஐந்து வீடுகளில் ஒரு வீட்டுச் செடிகள் மட்டும் பிழைத்தன. அந்த வீட்டில் போர்வெல் இல்லை. அரிசியும் காய்கறியும் கழுவிய குழாய்த் தண்ணீரையே அம்மா தொட்டிகளுக்கு ஊற்றி வந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: திருப்பூரில் தோட்டம் போடுகிறவர்கள் மண்ணைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் இந்தப் பாடம் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. ஆற்றிலிருந்து குழாயில் வருவதை 'நல்ல தண்ணி' என்கிறோம். போர்வெல்லில் வருவதை 'உப்புத் தண்ணி' என்கிறோம். குடிக்க ஒன்று, துவைக்க ஒன்று என்று குடங்களைக்கூடப் பிரித்து வைக்கிறோம். செடிக்கு மட்டும் எதுவானாலும் சரி என்று எப்படி நினைத்தோமோ தெரியவில்லை.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி இயற்கையானது. நமது ஊர் மழை குறைந்த ஊர். கடினமான பாறைக்குள் நெடுநாள் தங்கும் நீரில் உப்புகள் கரைந்தே இருக்கும். மறு பகுதி நம் தொழிலால் வந்தது. பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயத்துக்கும் பருத்தி இழைக்கும் தண்ணீரில் ஒரே வகையான எதிர்மின் தன்மை உண்டு. ஆகையால் அவை ஒன்றையொன்று விலக்கும். உப்பைச் சேர்த்தால் அந்த விலக்கம் குறைந்து, சாயம் இழையை அண்டும். வெளிர் நிறத்துக்குக் குறைந்த உப்புப் போதும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாய நீருக்கு 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். சாயமாவது துணியில் ஏறுகிறது. உப்போ துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு ஏறக்குறைய அத்தனையும் கழிவு நீரோடு போய்விடும்.

அந்த நீர் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் நம் ஊரையும் கடந்து காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அங்கே தேங்கிய நீர் பயிருக்கு உதவாததாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். கழிவுநீரே வெளியேறாத நிலையைச் சாய ஆலைகள் எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு விதித்தது. எட்டாத ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பின்னர், கழிவு நீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டியும் காய்ச்சியும், நீரையும் உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் வந்தன. பனியன் தொழில்தான் நம்மில் பலருடைய வீட்டுச் சோறு. அதைப் பழித்து எழுதுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்த மறுநாளே வெளியேறிவிடாது அல்லவா?

உப்பு நீர் செடியை எப்படிக் கொல்கிறது என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். உருளைக்கிழங்கைச் சன்னமான வில்லைகளாக வெட்டி, ஒரு தம்ளர் நல்ல நீரிலும், இரண்டு கரண்டி உப்புக் கரைத்த இன்னொரு தம்ளர் நீரிலும் போடுங்கள். சில மணி நேரத்தில் முதல் தம்ளர் வில்லை விறைப்பாக நிற்கும். இரண்டாவது துவண்டு வளையும். இதுவே நாம் படித்த சவ்வூடு பரவல். வேரைச் சுற்றிய நீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. நாங்கள் அதிகமாக ஊற்றியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த நீரை ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், நாளுக்கு 2 கிராம். மாதத்துக்கு 60 கிராம். நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாவதில்லை. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

இப்போது டி.டி.எஸ். மீட்டர் என்னும் சிறு கருவி எளிதாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை எந்தச் செடிக்கும் கவலையில்லை. அதற்கு மேல் 2,000 வரை செடியைத் தேர்ந்து நட வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தோட்டத்துக்குத் தனியே நம்ப வேண்டாம். நாங்கள் அளந்ததில் மழைநீர் இரண்டு இலக்கத்தோடு நின்றது. போர்வெல் நீர் எல்லா வீடுகளிலும் நான்கு இலக்கம். தோட்டக்காரர்களின் பாதுகாவலரான புனித ஃபியாக்கரின் படத்தில் அவர் கையில் மண்வெட்டி இருக்கும். "அவர் திருப்பூருக்கு வந்திருந்தால் மறு கையில் இந்த மீட்டரும் இருந்திருக்கும்" என்று எங்கள் சிஸ்டர் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாச் செடியும் உப்புக்கு ஒரேபோல் அஞ்சுவதில்லை. பீன்ஸ், வெங்காயம், கேரட் ஆகியவை மிகவும் மென்மையானவை. நாங்கள் தேடிப்பிடித்ததுபோல் அவற்றில் இரண்டைத்தான் முதலில் நட்டிருக்கிறோம்! தக்காளியும் கத்தரியும் ஓரளவு தாங்கும். பீட்ரூட் அவற்றைவிடத் தாங்கும். பருப்புக்கீரையும் கொத்தவரையும் நம் ஊருக்கென்றே பிறந்தவை எனலாம். புதிதாகத் தொடங்குவோர் இவ்விரண்டோடு தொடங்குக. கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து குடம் நிரப்பும் வீட்டில், செடிக்கு ஒரு குடம் கேட்டால் அம்மா முறைக்கத்தான் செய்வார்கள். ஆகவே மேலே பாருங்கள். 100 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் கிடைக்கும். நம் பகுதியில் ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர் பெய்வதாக வைத்துக்கொண்டால் 5,500 லிட்டருக்கு மேல். பத்துத் தொட்டிகளுக்கு ஆளுக்கொரு லிட்டர் வீதம் ஆண்டு முழுதும் வேண்டியது 3,650 லிட்டர்தான். சேமிக்க இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் 200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் நாற்பது நாளுக்கு வரும். டிரம்மின் வாயைப் பனியன் துணியால் இறுகக் கட்டுங்கள். டெங்குக் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். ஆனால் ஒன்று: மலிவாகக் கிடைக்கிறதென்று சாயப்பட்டறையின் ரசாயன டிரம்மை மட்டும் வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது வேண்டாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைத் தொட்டிக்கு ஊற்றலாம். சோப்பு நீர் கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரும் கூடாது; வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். அதை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பெருமைப்படுகிற வீடுகள் பல. தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

உப்பு நீர் மட்டுமே உண்டு என்னும் வீட்டார் தொட்டியின் அடியில் துளைகளைப் பெரிதாக இட்டு, பத்து நாளுக்கு ஒருமுறையேனும் மழைநீரோ ஆற்று நீரோ, அடியில் வழிந்தோடும் வரை ஊற்ற வேண்டும். தேங்கிய உப்பு கரைந்து இறங்கிவிடும். தொட்டிக் கலவைக்குத் தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் முதலில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதிலும் உப்பு உண்டு. மற்றபடி செம்மண், மணல், தொழு உரம் மூன்றும் சம அளவு போதும்.

ஆடிக்காற்றைச் சொல்ல மறந்தோம். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம் மாடித் தொட்டிகளையும் ஒரே பகலில் உலர்த்திவிடும். தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். தக்காளிச் செடியைக் குச்சியில் கட்டுவதற்குப் பனியன் வெட்டுத் துணியைப் போல ஏற்ற கயிறு வேறில்லை. தண்டு பருக்கப் பருக்க அது நீண்டுகொடுக்கும், தண்டை அறுக்காது.

ஐப்பசி மழையில் டிரம்மை நிரப்பிக்கொண்டு நாங்கள் மறுபடி விதைத்தோம். இம்முறை பருப்புக்கீரையும் கொத்தவரையும். ஒரு மாதம் சென்று ஐந்து வீட்டிலும் கீரை பறித்தோம். ஒரு வீட்டுப் பறிப்பு இரண்டு கைப்பிடிதான்; பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்தால் ஒரு வேளைக்குச் சரியாக இருந்தது. கொத்தவரை இப்போது பூத்திருக்கிறது.